கொரோனா நேரத்து லீவு, சம்பளம், ஈபிஎஃப்: திருகோணமலையில என்னட்ட அடிக்கடி கேக்கிற கேள்விகள்

நான் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹொட்டல்ல கன வருசம் சம்பளக் கணக்கு பாத்தவ. இப்ப டவுனுக்குள்ள நாலஞ்சு கடைக்கு கணக்கு எழுதிக் குடுக்கிறன். 2020ல இருந்து இண்டைக்கு வரைக்கும் என்னட்ட வாற கேள்வியெல்லாம் சுத்திச் சுத்தி ஒரே இடத்திலதான் வந்து நிக்குது, ஊரடங்குக்கு சம்பளம் வெட்டினது சரியா, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசு ஏன் குறையுது, எழுதிக் குடுத்த ராஜினாமாவ திருப்ப ஏலுமா எண்டு. ஒவ்வொருத்தருக்கும் ஃபோன்ல சொல்லிச் சொல்லி களைச்சுப் போனன், அதால கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்வியப் போட்டு இதில எழுதியிருக்கிறன்.

எங்கட ஊருக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விசயம் எண்டா, உப்புவெளி, நிலாவெளி கடற்கரைக்கு சீசன் ஏப்ரல்ல தொடங்கி செப்டெம்பரோட முடியும். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டோட ஒரு சீசன் போச்சு. 2020 மார்ச் 20 வெள்ளிக்கிழமை பின்னேரம் 6 மணிக்கு ஊரடங்கு போட்டாங்க, ரெண்டாவதும் போச்சு. 2021 மே 21ல பயணத்தடை வந்துது, மூண்டாவதும் போச்சு. சீசனில உழைச்சு மாரிக்கு சாப்பிடுற ஆக்கள் மூண்டு வருசம் சீசனே இல்லாம இருந்தவங்க, இத மனசில வச்சுக்கொண்டு வாசிங்க.

இதில இருக்கிறது எல்லாம் தனியார் வேலைக்கு. அரசாங்க வேலைக்கு தாபன விதிக்கோவை தனியா இருக்கு, அத நான் தொடேல்ல.

அக்கா, முதல்ல நான் எந்தச் சட்டத்துக்குள்ள வாறன் எண்டே தெரியாது. எல்லாருக்கும் ஒரே சட்டம்தானே?

இல்ல. கடை, ஒஃபிஸ் மாதிரி இடத்தில வேலை எண்டா 1954ம் ஆண்டு கடை, காரியாலய ஊழியர் சட்டம். மில்லு, ஃபக்டரி, கட்டட வேலை மாதிரி எண்டா 1941ம் ஆண்டு சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு சபை. லீவு எத்தனை நாள் எண்டது இந்த ரெண்டுலயும் ஒரே மாதிரி இல்ல.

ஆனா ஈபிஎஃப், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதியம்), பணிக்கொடை (விலகக்குள்ள சேவைக் காலத்துக்கு தாற காசு), வேலை நிப்பாட்டுற சட்டம் எல்லாம் ரெண்டு பக்கத்துக்கும் பொது. நீங்க எதுக்குள்ள எண்டு சந்தேகம் இருந்தா நியமனக் கடிதத்த எடுத்துக்கொண்டு தொழில் ஒஃபிஸுக்குப் போங்க, பாத்த உடன சொல்லுவாங்க. நியமனக் கடிதமே தரேல்ல எண்டவங்களுக்கு கடைசிக் கேள்வியில எழுதியிருக்கிறன்.

வருசத்துக்கு எத்தனை நாள் லீவு? கொரோனாவுக்கு எண்டு தனி லீவு இருந்துதா?

கடை, காரியாலயச் சட்டத்தில வருடாந்த லீவு 14 நாள், சாதாரண லீவு 7 நாள். வருடாந்த லீவு சேந்த முதல் வருசத்தில இல்ல, அடுத்த வருசத்தில இருந்துதான், அதுவும் நீங்க எந்த மாசத்தில சேந்தீங்க எண்டதப் பொறுத்து. ஜனவரி தொடக்கம் மார்ச்சுக்குள்ள சேந்தா முழு 14, ஏப்ரல் தொடக்கம் ஜூன் எண்டா 10, ஜூலை தொடக்கம் செப்டெம்பர் எண்டா 7, அதுக்குப் பிறகு எண்டா 4. சாதாரண லீவு முதல் வருசத்தில ரெண்டு மாசம் முடிய ஒரு நாள் கணக்கில வரும்.

கன பேருக்கு தெரியாத ஒண்டு, இந்தச் சட்டத்தில சுகயீன லீவு எண்டு தனியா ஒண்டு இல்ல. காய்ச்சலுக்கும் அந்த 7 நாள்தான், சொந்த அலுவலுக்கும் அந்த 7 நாள்தான். உங்கட கொம்பனி 7 நாள், 14 நாள் மெடிக்கல் லீவு தருது எண்டா அது நியமனக் கடிதத்தால வந்தது, சட்டத்தால இல்ல. சம்பளச் சபைப் பக்கம் 14 நாள் வருடாந்த லீவு இருக்கு, ஆனா சாதாரண லீவு பொதுவா சட்டத்தில இல்ல. கொரோனாவுக்கு எண்டு தனியார் ஆக்களுக்கு ஒரு லீவுச் சட்டம் வரவே இல்ல, தனிமைப்படுத்தல் லீவு எண்டும் ஒண்டு இல்ல. இந்த ஓட்டையிலதான் பிறகு வந்த பிரச்சினையில பாதி.

எங்கட ஒழுங்கையில ஒராளுக்கு பொசிட்டிவ் எண்டு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து எங்கட கேட்டிலயும் நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிட்டார். 14 நாள் வெளிய போகேலாது. நான் லீவு கேக்கவே இல்ல, ஆனா லீவ வெட்டிட்டாங்க. அது எப்பிடி?

தம்பி, நீங்க நல்லா இருந்தும் வேலைக்குப் போகேலாம இருந்தது 1897ம் ஆண்டு தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டத்தால. வெளிய போனா அது குற்றம். அதால 'சொல்லாமக் கொள்ளாம வேலைக்கு வரேல்ல' எண்டு உங்களுக்கு எதிரா நடவடிக்கை எடுக்க வந்தா பி.எச்.ஐ. கடிதம் உங்களக் காப்பாத்தும். தனிமைப்படுத்தல் முடியிற நாளில தாற கடிதத்த கன பேர் எங்கயோ போட்டுத் துலைச்சிட்டாங்க, இருந்தா பத்திரமா வையுங்க.

சம்பளம் எண்டு வந்தா மேல சொன்ன ஓட்டைதான், 14 நாளுக்கும் முழுச் சம்பளம் குடு எண்டு சட்டத்தில ஒரு வரி இல்ல. நான் கண்ட நல்ல முதலாளிமார் மெடிக்கல் லீவில போட்டாங்க, இல்லாட்டி உங்களிட்ட கேட்டு வருடாந்த லீவில பாதி, தங்கட கையால பாதி எண்டு போட்டாங்க. கேக்காம, நீங்க எழுதித் தராம, மாசம் முடிஞ்சாப் பிறகு பின்திகதி போட்டு லீவுப் புத்தகத்தில எழுதிறது வேற கதை. வருடாந்த லீவு உங்கட உரிமை, அதில 7 நாளாவது தொடர்ச்சியா தரோணும் எண்டு சட்டமே சொல்லுது, ஏனெண்டா அது ஆறி இருக்கிறதுக்கான லீவு. கேட்டில நோட்டீஸ் தொங்க உள்ள பயந்துகொண்டு இருக்கிறது ஆறி இருக்கிறது இல்ல. இத எழுத்தில கேளுங்க, 'எந்த லீவு, எந்தத் திகதி, ஆர் கேட்டது' எண்டு.

ஊரடங்கு நாள் முழுக்க நோ பே (சம்பளமில்லாத நாள்) போட்டிட்டாங்க. மே மாசச் சம்பளம் எண்டு கையில வந்தது 3,000 ரூபா. இது சரியா?

சரியில்ல. 2020 மே மாசம் தொழில் அமைச்சு, முதலாளிமார் தரப்பு, தொழிற்சங்கங்கள் மூண்டும் இருந்து ஒரு உடன்பாடு செய்தாங்க. வேலைக்கு கூப்பிட ஏலாத ஊழியருக்கு அடிப்படைச் சம்பளத்தில பாதி அல்லது 14,500 ரூபா, இதில எது கூடவோ அத குடுக்கோணும். முதல்ல மே, ஜூனுக்கு எண்டு எழுதினாங்க, பிறகு நீட்டிக்கொண்டு போனாங்க, சுற்றுலாத் துறைக்கு மற்றவங்கள விட கூடக் காலம் நீண்டுது. எங்கட நிலாவெளி ஆக்கள் கன பேருக்கு அந்த நீட்டினது தெரியாமலே போச்சு.

இந்தக் கேள்வி கேட்ட பெடியன் எனக்கு சம்பளச் சிட்டையையும் கொண்டு வந்து காட்டினவர். நாலா மடிச்சு பேர்சுக்குள்ள வச்சு மடிப்புக் கிழிஞ்சு போயிருந்துது, அதில 'நோ பே நாள்' எண்ட இடத்தில பேனையால 26 எண்டு எழுதி இருந்துது. மாசத்தில வேலை நாளே 26தான், 26 நாளும் நோ பே எண்டா அந்த 3,000 என்ன கணக்கு? கேட்டா 'சேர் இரக்கப்பட்டு தந்தது' எண்டு சொன்னாங்களாம். அது இரக்கப்பட்டுக் குடுக்கிற காசு இல்ல, 14,500க்கு குறையேலாத காசு.

14,500 எண்டா எல்லாருக்கும் 14,500தானா? எனக்கு பேசிக் 40,000.

இல்ல, கூட வாறது எதுவோ அது. பேசிக் 24,000 எண்டா பாதி 12,000, அது 14,500ஐ விடக் குறைவு, அதால 14,500. உங்களுக்கு 40,000 எண்டா பாதி 20,000, அப்ப 20,000. மாறும் இடம் 29,000, அதுக்கு மேல பேசிக் இருக்கிறவங்களுக்குத்தான் பாதிக் கணக்கு. சில இடங்களில 40,000காரருக்கும் 14,500தான் குடுத்தவங்க, 'அரசாங்கம் சொன்ன தொகை' எண்டு. அது உடன்பாட்ட பாதி வாசிச்சது.

அந்த 14,500லயும் ஈபிஎஃப் வெட்டினாங்க. அரைச் சம்பளத்தில வெட்டலாமா?

வெட்டலாம், வெட்டத்தான் வேணும். அந்தக் காசுக்கும் ஈபிஎஃப், ஈடிஎஃப் கட்டோணும் எண்டதும் உடன்பாட்டில இருந்தது. உங்கட பக்கம் 8 வீதம், அது 1,160 ரூபா, கைக்கு வாறது 13,340. முதலாளி தன்ட காசில 12 வீதம், 1,740 ரூபா. அதோட ஈடிஎஃப் 3 வீதம், 435 ரூபா, அது முழுக்க முதலாளியின்ட காசு, உங்களிட்ட ஒரு சதம் வெட்டேலாது. சிட்டையில ஈடிஎஃப் எண்டு கழிச்சிருந்தா அது பிழை, உடன கேளுங்க.

நான் வீட்டில இருந்து கொம்பியூட்டர்ல காலம 8 மணியில இருந்து ராவு வரைக்கும் வேலை செய்தன். எனக்கும் அரைச் சம்பளம்தான் தந்தாங்க.

அரைச் சம்பள உடன்பாடு வேலைக்கு கூப்பிட ஏலாத ஆளுக்கு. நீங்க வேலை செய்தீங்க, இடம் மட்டும்தான் மாறினது. வேலை செய்த ஆளுக்கு முழுச் சம்பளம். அண்டைக்கு அனுப்பின மெயில், வாட்ஸப் மெசேஜ், ரிப்போர்ட் எல்லாம் திகதியோட இருக்குதானே, அதுதான் உங்கட வரவுப் புத்தகம், ஃபோன் மாத்தக்குள்ள அழிச்சிப் போடாதீங்க.

ஒரு கிழமை கூப்பிட்டு ஒரு கிழமை வீட்டில இருக்க விட்டவங்களுக்கு, வேலை செய்த நாளுக்கு வழமையான சம்பளம் வரோணும். மாசம் முழுக்கச் சேத்து பாத்தாலும் 14,500க்கு கீழ போயிருந்தா கேள்வி கேளுங்க.

அரசாங்கம் தந்த 5,000ஐ நான் எடுத்தனான். அத சம்பளத்தில கழிச்சிட்டாங்க. கழிக்கலாமா?

கழிக்கேலாது. 2020 ஏப்ரல், மே மாசங்களில குடுத்த 5,000 அரசாங்கத்தின்ட நிவாரணம், ஜி.எஸ். (கிராம சேவகர்), சமுர்த்தி நிவாரணத் திட்ட ஆக்கள் பதிஞ்சு குடுத்தது. அதுக்கும் உங்கட முதலாளிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. உங்களுக்கு அந்த 5,000 கிடைக்கிறதுக்கு தகுதி இருந்துதா இல்லையா எண்டது உங்களுக்கும் பிரதேச செயலகத்துக்கும் இடையில உள்ள அலுவல்.

ஹொட்டல்ல எங்களுக்கு பேசிக்க விட சேர்விஸ் சார்ஜ்தான் கூட. அது போனதுக்கு ஏதும் நட்டஈடு இருக்கா?

இல்ல, இது கஸ்டமான பதில், ஆனா நேரா சொல்லிறன். சேர்விஸ் சார்ஜ் விருந்தாளியின்ட பில்லில போடுற 10 வீதத்த பிரிச்சுத் தாறது. விருந்தாளி இல்லாட்டி பில் இல்ல, பில் இல்லாட்டி அதுவும் இல்ல. உடன்பாடும் அடிப்படைச் சம்பளத்தப் பத்தித்தான் பேசினது.

சீசன் மாசத்தில பேசிக்கும் சேர்விஸ் சார்ஜும் சேந்து வாற காசுக்கு லீசிங், சீட்டு, பிள்ளையின்ட டியூசன் எண்டு எல்லாம் கட்டினவங்க ஒரே நாளில 14,500க்கு வந்தாங்க. நான் பாத்த சம்பளப் பட்டியல்ல சமையல்கார அண்ணா ஒருத்தருக்கு 2018 ஓகஸ்ட்டுக்கும் 2020 ஓகஸ்ட்டுக்கும் இடையில கைக்கு வந்தது மூண்டில ஒரு பங்காப் போச்சு, அவர் அந்த மாசங்களில வள்ளத்தில போய் மீன் பிடிச்சு குடும்பம் பாத்தவர். இதில சட்டத்தால செய்யக்கூடியது ஒண்டும் இல்ல. ஆனா ஹொட்டல் பிறகு திறந்து ஆக்கள் வரத் தொடங்கினாப் பிறகும் 'கொரோனா நட்டத்த ஈடு கட்டோணும்' எண்டு சேர்விஸ் சார்ஜ நிப்பாட்டி வச்சா அது வேற, விருந்தாளி உங்களுக்கு எண்டு குடுத்த காசு அது, கேக்கலாம்.

நான் நாள் சம்பளம், புறாமலைத் தீவுக்கு ஆக்கள ஏத்திப் போற போட்டில வேலை. எனக்கு ஈபிஎஃப் இல்ல எண்டு ஓனர் சொல்லுறார், 'நீ பேர்மனன்ட் இல்ல' எண்டு.

ஓனர் சொல்லிறது பிழை. 1958ம் ஆண்டு ஈபிஎஃப் சட்டத்தில நிரந்தரம், தற்காலிகம், நாள் சம்பளம் எண்ட பிரிவே இல்ல, ஒருத்தர் உங்களுக்கு சம்பளம் தந்து வேலை வாங்கினா முதல் நாளில இருந்தே கட்டோணும். போட் உங்கட சொந்தம், நீங்களே ஆக்கள ஏத்திப் போய் வாறீங்க எண்டா மட்டும்தான் கதை மாறும்.

சம்பளச் சிட்டையில ஒவ்வொரு மாசமும் ஈபிஎஃப் வெட்டியிருக்கு. ஆனா பாத்தா 2020 மே தொடக்கம் 2021 நடுப்பகுதி வரைக்கும் என்ட கணக்கில காசு விழவே இல்ல.

இதுதான் இப்பவும் கூட வாற கேள்வி. வெட்டின காசையும் தன்ட பங்கையும் அடுத்த மாசம் முடியிறதுக்குள்ள முதலாளி கட்டோணும். பிந்தினா 5 வீதத்தில தொடங்கி 50 வீதம் வரைக்கும் மேலதிகமா தண்டம் கட்டோணும், எவ்வளவு பிந்துதோ அவ்வளவு கூடும். 'கொரோனா நேரம் கஸ்டம்' எண்டு சொல்லி அத விட்டுக் குடுக்கிற அதிகாரம் உங்கட முதலாளிக்கு இல்ல. உங்கட 8 வீதத்த வெட்டி எடுத்திட்டு கட்டாம விட்டது எண்டா, அது அவருக்கு கஸ்டம் வந்ததால உங்கட காச எடுத்துப் பாவிச்சது.

செய்ய வேண்டியது இதுதான். அந்த மாசங்களின்ட சம்பளச் சிட்டை, ஈபிஎஃப் இலக்கம், தேசிய அடையாள அட்டைப் பிரதி எடுத்துக்கொண்டு தொழில் ஒஃபிஸில முறைப்பாடு குடுங்க. கணக்குப் புத்தகத்த வரவழைச்சு பாக்கிற அதிகாரம் அவங்களுக்கு இருக்கு. கொம்பனி மூடினாலும் பரவாயில்ல, கடன் அந்த ஆளில இருந்து போகாது.

வேலை போயிட்டு. கையில ஒரு சதம் இல்ல. ஈபிஎஃப் காச எடுக்கலாமா?

வேலை போன காரணத்துக்காக மட்டும் எடுக்கேலாது. ஆம்பிளையளுக்கு 55, பொம்பிளையளுக்கு 50 வயசு முடியோணும். நிரந்தரமா வெளிநாடு போறது, வேலை செய்ய ஏலாத அளவுக்கு அங்கவீனம், பொம்பிளையள் கலியாணத்தால வேலையில இருந்து நிக்கிறது, இப்பிடி சில காரணங்களுக்கு முன்னமே எடுக்கலாம்.

அதுக்குள்ள ஒரு வழி, வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ எண்டா இருக்கிறதில 30 வீதம். அதுக்கு 10 வருசம் அங்கத்தவரா இருந்திருக்கோணும், கணக்கில ஆகக் குறைஞ்சது 3 லட்சம் இருக்கோணும், கிடைக்கிறது கூடினது 20 லட்சம். கொரோனாவுக்குப் பிறகு நெஞ்சு, சுவாசம் எண்டு நீண்ட வைத்தியம் செய்யிற ரெண்டு பேருக்கு இத நான் ஃபோம் நிரப்பிக் குடுத்தனான். 'எனக்கு ஆள் இருக்கு, கொமிசன் தந்தா முழுக்க எடுத்துத் தருவார்' எண்டு சொல்லுறவங்கள நம்பாதீங்க, அடையாள அட்டையும் பாங்க் புத்தகமும் அவங்கட கையில குடுக்காதீங்க.

நான் அப்ப 7 மாசம். வேலையிடம் மூடிக் கிடந்தது. 'எப்பிடியும் வீட்டிலதானே இருந்தீங்க, பிறகெதுக்கு மகப்பேற்று லீவு' எண்டு கேட்டாங்க.

மகப்பேற்று லீவு 84 நாள், சம்பளத்தோட. முந்தி மூண்டாம் பிள்ளைக்கு 42 நாள் எண்டு குறைச்சு வச்சிருந்தாங்க, 2018ல திருத்தி எத்தினையாம் பிள்ளை எண்டாலும் 84 ஆக்கினாங்க. ஊரடங்குக்கு வீட்டில இருந்த நாள் மகப்பேற்று லீவு ஆகாது, அது முதலாளி வேலை தர ஏலாம இருந்த நாள். உங்கட 84 நாள் உங்கட பிரசவத்தோட சேந்தது. கர்ப்பம் எண்ட காரணத்துக்காக வேலையில இருந்து நிப்பாட்டினா அது சட்டத்துக்கு நேர் எதிர்.

ராஜினாமா எழுதித் தாங்க, ஹொட்டல் திறந்தா முதல்ல உங்களத்தான் கூப்பிடுவம் எண்டு சொல்லுறாங்க. எழுதிக் குடுக்கட்டா?

எழுதிக் குடுக்காதீங்க. தயவு செய்து குடுக்காதீங்க. இந்தப் பக்கம் முழுக்க வாசிக்க நேரமில்லாட்டியும் இந்த ஒண்ட மட்டும் எடுத்துக்கொண்டு போங்க.

ஏனெண்டு சொல்லிறன். 15 பேருக்கு குறையாம வேலை செய்யிற இடத்தில, கடந்த 12 மாசத்தில 180 நாள் வேலை செய்த ஒருத்தர ஒழுக்காற்றுக் காரணம் இல்லாம நிப்பாட்ட வேணுமெண்டா ரெண்டே ரெண்டு வழிதான், ஒண்டு உங்கட எழுத்து மூலமான சம்மதம், இல்லாட்டி தொழில் ஆணையாளர் நாயகத்தின்ட முன் அனுமதி. இது 1971ம் ஆண்டு 45ம் இலக்கச் சட்டம். ஆணையாளர் அனுமதி குடுத்தா அதோட நட்டஈடும் நிர்ணயிப்பார், முதல் அஞ்சு வருசச் சேவைக்கு வருசத்துக்கு ரெண்டரை மாசச் சம்பளக் கணக்கு, ஆகக் கூடின தொகைய 2021ல 25 லட்சம் வரைக்கும் கூட்டினவங்க. நீங்க 'நானா விலகிறன்' எண்டு எழுதிக் குடுத்தா இந்த முழுச் சட்டமும் உங்கள விட்டுப் போயிடும். அதுக்காகத்தான் அந்தக் கடிதத்த கேக்கிறாங்க.

நான் வேலை செய்த இடத்தில 2020 ஜூலையில 19 பேருக்கு அந்தக் கடிதம் டைப் பண்ணினது நான்தான். 'எனது தனிப்பட்ட காரணங்களுக்காக' எண்டு ஒரே வசனம், பேரும் அடையாள அட்டை இலக்கமும் மட்டும் மாத்தி மாத்தி அடிச்சன். ஒருத்தர் பேனையக் கையில வச்சுக்கொண்டு 'பிள்ள, இதில என்ன எழுதியிருக்கு' எண்டு என்னட்ட கேட்டவர், கடிதம் இங்கிலீசில இருந்தது. நான் 'சும்மா ஃபோர்மாலிட்டி ஐயா' எண்டு சொன்னன், எனக்கும் அப்பிடித்தான் சொல்லியிருந்தாங்க, நானும் வாசிச்சுப் பாக்கேல்ல எண்டு சொல்ல ஏலாது, வாசிச்சனான். ஹொட்டல் திரும்பத் திறக்கக்குள்ள அந்த 19 பேரில நாலு பேரத்தான் கூப்பிட்டாங்க, அதுவும் புது ஆக்களா, புது நியமனத்தில. அந்த ஐயாவின்ட 11 வருசம் அந்தக் கடிதத்தோட போச்சு.

அதால கேக்கிறாங்க எண்டா இப்பிடிச் சொல்லுங்க, 'யோசிக்கோணும், பிரதி ஒண்டு தாங்க, வீட்டில காட்டிட்டு வாறன்' எண்டு. வாங்கி வந்து விளங்கிற ஆளிட்ட காட்டுங்க. ஏற்கனவே பயமுறுத்தி எழுதி வாங்கினது எண்டா, காலம் கடத்தாம அடுத்தடுத்த நாளே 'என் விருப்பத்தில எழுதேல்ல' எண்டு பதிவுத் தபாலில அனுப்பிட்டு தொழில் ஒஃபிஸுக்குப் போங்க.

கடிதம் ஒண்டும் எழுதேல்ல. ஆனா வாட்ஸப்பில மனேஜர் போட்ட மெசேஜுக்கு 'சரி சேர்' எண்டு போட்டிட்டன். அது சம்மதமா?

எதுக்கு 'சரி' சொன்னீங்க எண்டதப் பொறுத்து. 'அடுத்த மாசம் அரைச் சம்பளம்தான்' எண்டதுக்கு சரி சொன்னது அரைச் சம்பளத்துக்கு மட்டும்தான், வேலை போறதுக்கு இல்ல. 'நாளைக்கு வர வேண்டாம்' எண்டதுக்கு சரி எண்டா, வேலையில இருந்து விலக சம்மதிச்சதா ஆகாது எண்டு நீங்க வாதாடலாம். ஆனா மெசேஜும் எழுத்துத்தான், அத ஒண்டுமில்ல எண்டு நினைக்காதீங்க. இப்பவே இன்னொரு மெசேஜ் போடுங்க, 'நான் வேலையில இருந்து விலகேல்ல, எப்ப கூப்பிட்டாலும் வர ரெடி' எண்டு.

ஹொட்டல மூடிட்டாங்க. நிப்பாட்டினது எண்டும் சொல்லேல்ல, 'திறந்தா கூப்பிடுவம்' எண்டு சொன்னாங்க. எனக்கு வேலை இருக்கா, போச்சா?

இந்தக் கேள்வி எல்லாத்திலயும் சிக்கலானது. நாங்க நினைக்கிறது, கடிதம் தந்தாத்தான் நிப்பாட்டினது எண்டு. ஆனா மேல சொன்ன 1971 சட்டத்தில, தற்காலிகமாவோ நிரந்தரமாவோ வேலை குடாம விட்டாலும், இடத்த மூடினதால வேலை இல்லாமப் போனாலும், அது வேலை நிப்பாட்டினதாத்தான் எடுபடும். அப்ப அதுக்கும் ஆணையாளரின்ட அனுமதி வேணும்.

சிக்கல் எங்க எண்டா, முறைப்பாடு குடுக்க 6 மாசம்தான் இருக்கு. 'கூப்பிடுவாங்க, கூப்பிடுவாங்க' எண்டு பாத்துக்கொண்டு இருந்தே அந்த 6 மாசத்த கன பேர் கடத்திட்டாங்க. அடுத்த சீசன் வரட்டும் எண்டு எங்கட ஊர்ல இருக்கிற அந்தப் பழக்கம் இதில எங்களுக்கு எதிராப் போச்சு. அரைச் சம்பளம் வந்துகொண்டிருந்த வரைக்கும் வேலை இருக்கு எண்டு எடுக்கலாம், அது நிண்ட மாசத்தில இருந்து நாள எண்ணுங்க.

எங்கட கடையில மொத்தமே 6 பேர். அந்தச் சட்டம் எங்களுக்கு இல்ல எண்டு முதலாளி சொல்லுறார்.

அந்தச் சட்டம் இல்லத்தான், அது 15 பேர் கணக்கு. ஆனா அதோட எல்லாம் முடிஞ்சுது எண்டு இல்ல. நியாயமில்லாம நிப்பாட்டினா கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்குக் கீழ தொழில் நியாய சபைக்கு போகலாம், ஒராள் வேலை செய்த இடம் எண்டாலும் போகலாம், இதுக்கும் 6 மாசம்தான். லீவு, ஈபிஎஃப், ஈடிஎஃப் எல்லாம் 6 பேர் கடைக்கும் அப்பிடியே பொருந்தும்.

8 வருசம் வேலை செய்து 2021ல விலகினன். பணிக்கொடையக் கணக்குப் போடக்குள்ள கடைசியா எடுத்த அரைச் சம்பளத்தில போட்டிருக்கிறாங்க.

முதல்ல அடிப்படை. 1983ம் ஆண்டு பணிக்கொடைச் சட்டப்படி 15 பேருக்கு குறையாத இடத்தில 5 வருசம் முடிச்சா, மாசச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு முடிஞ்ச வருசத்துக்கும் அரை மாசச் சம்பளம். விலகி 30 நாளுக்குள்ள தரோணும். ராஜினாமா எண்டாலும் உண்டு, மேல சொன்ன 19 பேரில 5 வருசம் முடிச்சவங்களுக்கு இதாவது கிடைச்சுது. ஊரடங்குக்கு வீட்டில இருந்த மாசங்கள வெட்டிப் போட்டு 'உங்களுக்கு 7 வருசம்தான்' எண்டா ஒத்துக்கொள்ளாதீங்க, வேலை உறவு முறியாத வரைக்கும் சேவை தொடருது.

இப்ப உங்கட கணக்கு. பேசிக் 36,000 எண்டா அரை மாசம் 18,000, 8 வருசத்துக்கு 144,000. அவங்க 18,000 அரைச் சம்பளத்த 'கடைசிச் சம்பளம்' எண்டு வச்சு அதில பாதி 9,000 எண்டு போட்டு 72,000 தந்திருக்கிறாங்க, சரியா பாதி. சட்டம் கடைசியா எடுத்த சம்பளம் எண்டுதான் சொல்லுது, அந்தச் சொல்லத்தான் அவங்க பிடிச்சுக்கொண்டு நிக்கிறாங்க. என்ட பார்வையில இது சரியில்ல, உங்கட சம்பளம் 36,000ல இருந்து குறையவே இல்ல, ஒரு இடைக்கால உடன்பாட்டால கொஞ்ச மாசம் குறைச்சு வாங்கினீங்க, அவ்வளவுதான். நியமனக் கடிதம், கடைசி சம்பள உயர்வுக் கடிதம் ரெண்டையும் வச்சு முறைப்பாடு குடுங்க, வாய்ப் பேச்சில விடாதீங்க.

நான் சின்னதா ஒரு கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்கிறன் தங்கச்சி, 5 பேர் வேலை. எனக்கும் ஒரு ரூபா வருமானம் இல்ல. நான் என்ன செய்திருக்கோணும் எண்டு சொல்லுங்க பாப்பம்.

அண்ணா, உங்கட கேள்வி நியாயமானது. பாங்க் லோனுக்கு தவணை தள்ளித் தந்தாங்க, கரண்ட் பில்லுக்கு காலம் தந்தாங்க, சம்பளம் குடுக்கிற பாரம் உங்கட தலையிலதான் நிண்டுது, சின்ன இடங்கள்தான் நல்லா நசுங்கிப் போச்சு.

ஆனா காசு இல்லாட்டியும் செய்யக்கூடியது இருந்துது. ஆக்களக் கூப்பிட்டு கணக்குப் புத்தகத்த திறந்து காட்டி, இவ்வளவுதான் ஏலும், மிச்சம் இன்ன மாசத்தில தருவன் எண்டு எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து வச்சிருக்கலாம். அப்பிடிச் செய்த ஒருத்தர எனக்குத் தெரியும், உப்புவெளியில, மிச்சக் காச 2022 கடைசியிலதான் குடுத்து முடிச்சவர், பெற்றோல் இல்லாத அந்த வருசத்திலயும் அவரிட்ட ஒராளும் முறைப்பாட்டுக்குப் போகேல்ல. ஈபிஎஃப் மட்டும் கடனா வைக்காதீங்க, தண்டம் ஏறி ஏறி பிறகு உங்களையே விழுத்தும்.

மனுசன் 2021 செப்டெம்பர்ல கொரோனாவில மோசம் போயிட்டார். அவர் வேலை செய்த இடத்தில 'ஒண்டும் வராது' எண்டு சொல்லிட்டாங்க.

அக்கா, வரும். ஈபிஎஃப்ல அவர்ட பேரில இருக்கிற முழுக் காசும் அவர் நியமிச்ச ஆளுக்கு, இல்லாட்டி சட்டப்படி உரித்தாளிகளுக்கு வரும், அவருக்கு 55 வயசு ஆகேல்ல எண்டது தடையே இல்ல. ஈடிஎஃப்ல சேந்த காசும் வரும், வேலையில இருக்கக்குள்ள இறந்தவருக்கு ஈடிஎஃப்ல ஆயுள் காப்புறுதியும் இருக்கு. 5 வருசம் முடிச்சிருந்தா பணிக்கொடையும் வரும். இறப்புச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ், பிள்ளையளின்ட பிறப்புச் சான்றிதழ், ஈபிஎஃப் இலக்கம், இவ்வளவும் வேணும். அந்த மாசங்களில எல்லாம் அவசர அவசரமா நடந்து இறப்புச் சான்றிதழில பேரோ அடையாள அட்டை இலக்கமோ பிழையா விழுந்த ஆக்கள் இருக்கிறாங்க, முதல்ல அத எடுத்து எழுத்து எழுத்தா பாருங்க.

எங்க போறது, என்ன கொண்டு போறது? நியமனக் கடிதம்கூட இல்ல.

திருகோணமலை தொழில் ஒஃபிஸ். முறைப்பாடு தமிழில எழுதிக் குடுக்கலாம், காசு ஒண்டும் இல்ல, வக்கீல் தேவையில்ல. கிண்ணியா, மூதூர், குச்சவெளியில இருந்து வாறவங்க பிரதி எல்லாம் எடுத்துக்கொண்டு காலமையே வாங்க, ஒரு கடதாசி குறைஞ்சா திரும்பவும் ஒரு நாள் சம்பளம் போகும். முறைப்பாட்டின்ட பிரதியில திகதி சீல் குத்தி வாங்கிக்கொண்டுதான் வெளிய வரோணும்.

நியமனக் கடிதம் இல்லாட்டி நீங்க அங்க வேலை செய்தீங்க எண்டு காட்டக்கூடியது எதையும் கொண்டு போங்க. சம்பளம் விழுந்த பாங்க் புத்தகம், யூனிஃபோர்மோட எடுத்த படம், ஊரடங்கு நேரம் தந்த பாஸ், டியூட்டி ரோஸ்டர் படம், மனேஜர் அனுப்பின மெசேஜ். பாலையூற்றுப் பக்கமிருந்து வந்த ஒரு தங்கச்சிக்கு ஒரு கடதாசியும் இல்ல, கடையில சாமான் இறக்கக்குள்ள அவ கையெழுத்து வச்ச ரெண்டு வருச பில் கட்டைகள் இருந்துது, அதோடதான் போனவ, அத எடுத்தாங்க.